உங்கள் உயரத்துக்கு ஏற்ற நிறை எது? வளர்ந்தவர்கள் வீட்டிலேயே கணித்துக்கொள்ளும் முறை

வளர்ந்தவர் ஒருவருக்கு ஆரோக்கியமான உடல் நிறை எவ்வளவு என்ற கேள்விக்குத் தனியொரு எண்ணை விடையாகத் தர முடியாது. 165 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவர் 51 கிலோவிலும் நலமாக இருக்கலாம், 61 கிலோவிலும் நலமாக இருக்கலாம். ஆகவே நாம் தேட வேண்டியது ஒரு புள்ளியை அல்ல, ஓர் எல்லையை. அந்த எல்லையைக் கண்டபின், அதற்குள் நாம் நிற்கும் இடம் நமக்கு உண்மையிலேயே பாதுகாப்பானதா என்பதை இடுப்பின் சுற்றளவைக் கொண்டும் குருதிப் பரிசோதனையைக் கொண்டும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தராசு காட்டும் எண்ணுடன் நின்றுவிடுவோர் தெற்காசியாவில் பிறந்தவர்களாயின் பெரும்பாலும் தவறான ஆறுதலையே அடைகின்றனர் என்பதால், இந்த இரண்டாம் படியை நான் மிகவும் வலியுறுத்துகின்றேன்.

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கலியாண வீட்டுக்குப் போனால், சற்று மெலிந்தவரைப் பார்த்து "என்ன, வருத்தம் ஏதுமோ?" என்று கேட்பதும், கன்னம் உப்பி வயிறு முன்தள்ளியவரைப் பார்த்து "இப்பத்தான் ஆள் நல்லாயிருக்கிறார்" என்று மகிழ்வதும் வழக்கம். அன்பினால் சொல்லப்படும் அந்தச் சொற்களை அளவுகோலாகக் கொள்ளலாகாது. அளவுகோல்கள் வேறு உள்ளன. அவற்றை வீட்டிலிருக்கும் பொருள்களைக் கொண்டே பயன்படுத்தலாம். இங்கே கூறப்படுவன 20 வயதைக் கடந்தவர்களுக்கு உரியவை. பிள்ளைகளுக்கும் இளம்பருவத்தினருக்கும் வயதுக்கேற்ற வளர்ச்சி வரைபடங்கள் தனியாக உள்ளன. கர்ப்பிணிகளைப் பற்றிப் பின்னர் கூறுகின்றேன்.

உயரத்தையும் நிறையையும் பிழையின்றி அளத்தல்

கணக்கு எளிது, பிழை நுழைவது அளவெடுக்கும் இடத்திலேதான். நம்மில் பலர் பாடசாலைக் காலத்தில் அளந்த உயரத்தையோ, உத்தேசமாக "ஐந்தடி ஆறு" என்று வீட்டில் சொல்லப்பட்ட உயரத்தையோ வாழ்நாள் முழுவதும் சொல்லிவருகின்றோம். பின்னர் விளக்கும் உடற்திணிவுச் சுட்டியின் கணக்கில் நிறை உயரத்தால் இருமுறை வகுக்கப்படுவதால், உயரத்தில் நேரும் சிறிய பிழையும் விடையில் தெரியும். 60 கிலோ நிறையுள்ள ஒருவரின் உயரத்தை 160 என்பதற்குப் பதிலாக 161 சென்ரிமீற்றர் என்று எடுத்தால், சுட்டி 23.4 இலிருந்து 23.1 ஆகக் குறைந்துவிடும். மூன்று சென்ரிமீற்றரைக் கூட்டிச் சொன்னால், எல்லையைத் தாண்டியவர் எல்லைக்குள் இருப்பவராகத் தோற்றமளிப்பார்.

உயரத்தை அளக்க வெறுங்காலுடன் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் தரை ஓடு சுவரின் அடியிலும் சில அங்குலம் ஏறிப் புடைத்திருக்கும். அது குதிகாலைச் சுவரிலிருந்து தள்ளி வைத்துவிடுவதால், அத்தகைய வீட்டில் கதவு நிலையையோ உறுதியான அலுமாரியின் பக்கத்தையோ தெரிவு செய்யலாம். குதிகால், பிட்டம், தோள்பட்டை ஆகியன சுவரைத் தொட, நாடியைத் தூக்காமலும் தாழ்த்தாமலும், கண்ணின் கீழ் விளிம்பும் காதின் துவாரமும் ஒரே மட்டத்தில் அமையுமாறு நேரே பார்க்க வேண்டும். கொண்டை போட்டிருப்பவர்கள் அதை அவிழ்த்துவிட வேண்டும். இன்னொருவர் தடித்த அட்டைப் புத்தகமொன்றைச் சுவருக்குச் செங்குத்தாகத் தலையின் உச்சியில் அழுத்தி வைத்து, அதன் கீழ் விளிம்பில் பென்சிலால் குறியிட்டு, தரையிலிருந்து அக்குறி வரை அளக்கட்டும். காலையில் எழுந்தவுடன் இருக்கும் உயரம் மாலையில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் குறையக்கூடும்; முள்ளந்தண்டின் இடைத்தட்டுகள் பகல் முழுவதும் அமுக்கப்படுவதே காரணம். இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை, ஒரு முறை ஒழுங்காக அளந்து குறித்துக்கொண்டால் போதும். அடி, அங்குலத்தில் மட்டும் தெரிந்தவர்கள் மொத்த அங்குலத்தை 2.54 ஆல் பெருக்கிக்கொள்ளலாம். 5 அடி 2 அங்குலம் என்பது 62 அங்குலம், அதாவது 157.5 சென்ரிமீற்றர்.

நிறையை அளப்பதில் நேரமும் தரையும் முக்கியமானவை. காலையில் மலசலம் கழித்தபின், தேநீர் குடிப்பதற்கு முன், மெல்லிய உடையுடன், ஓடு பதித்த உறுதியான தரையில் தராசை வைத்து ஏற வேண்டும். கம்பளத்தின்மேல் வைத்த தராசு தவறான எண்ணையே காட்டும். பாமசி வாசலில் இருக்கும் தராசில் சப்பாத்து, தொலைபேசி, மதிய உணவு எல்லாவற்றுடனும் ஏறிப் பார்த்த நிறையில் ஒன்றிரண்டு கிலோ மேலதிகமாக இருப்பது இயல்பு. வீட்டுத் தராசு சரியானதா என்ற ஐயம் இருந்தால், ஒருமுறை தனியாக ஏறிப் பார்த்துவிட்டு, உடைக்காத 5 கிலோ அரிசிப் பொதியைக் கையில் பிடித்துக்கொண்டு மீண்டும் ஏறிப் பாருங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடு ஐந்தாக இல்லாவிட்டால், அந்தத் தராசை நம்ப வேண்டாம்.

ஒரு நாளின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. முதல்நாள் இரவு உப்பு மிகுந்த உணவை உண்டிருந்தாலும், மாதவிடாய்க்கு முந்திய நாள்களிலும் உடலில் நீர் தேங்கி நிறை கூடும். கந்தசஷ்டி விரதம் முடிந்த காலையிலோ நோன்பு மாதத்தின் முதல் வாரத்திலோ நிறை சட்டென்று குறைந்திருப்பதைப் பலர் கண்டிருப்பர். அதில் பெரும்பகுதி நீரும், ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்டிருந்த மாச்சத்துமே தவிர கொழுப்பு அல்ல, வழமையான உணவுக்குத் திரும்பியதும் அது மீண்டுவிடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் ஒரே வேளையில் அளந்து, அவற்றின் சராசரியை எடுப்பதே நம்பகமான வழி.

கணக்கு

இப்போது உயரமும் நிறையும் கையில் உள்ளன. நிறையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, நிறையை உயரத்தால் ஒருமுறையும், வரும் விடையை அதே உயரத்தால் மறுமுறையும் வகுத்தால் கிடைப்பது உடற்திணிவுச் சுட்டி, கிளினிக்குகளில் பீ.எம்.ஐ. என்று சொல்வது இதையே. 157.5 சென்ரிமீற்றர் உயரமும் 64 கிலோ நிறையும் உடைய பெண்ணொருவரை எடுத்துக்கொள்வோம். 64 ஐ 1.575 ஆல் வகுத்தால் 40.63, அதை மீண்டும் 1.575 ஆல் வகுத்தால் 25.8. இதுவே அவருடைய சுட்டி.

உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான வகைப்பாட்டில் 18.5 இற்குக் குறைந்தது நிறைக்குறைவு, 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25 இலிருந்து அதிக நிறை, 30 உம் அதற்கு மேலும் உடற்பருமன். ஆனால் நமக்கு இந்த 25 என்ற கோடு மிகவும் தாமதமாக வருகின்றது. அந்நிறுவனம் 2002 ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கூட்டிய நிபுணர் குழுவின் முடிவுகள் 2004 இல் வெளியாகின. ஆசிய மக்களிடையே 25 இற்குக் கீழேயே நீரிழிவும் இதய நோயும் கணிசமாகத் தோன்றுவதை எடுத்துக்காட்டிய அக்குழு, சர்வதேச வகைப்பாட்டை நீக்காமல், அதனுடன் 23 ஐயும் 27.5 ஐயும் பொதுச் சுகாதார நடவடிக்கைக்குரிய புள்ளிகளாகச் சேர்த்தது. எனவே இலங்கையில் வாழும் தமிழர் ஒருவர் தன்னை 18.5 இற்கும் 22.9 இற்கும் இடையில் வைத்திருக்க முயல்வதும், 23 ஐத் தாண்டினால் ஆபத்து கூடத் தொடங்கிவிட்டதென்றும் 27.5 ஐத் தாண்டினால் அது மிகுந்துவிட்டதென்றும் கொள்வதும் பொருத்தமாகும்.

கனடாவிலோ இங்கிலாந்திலோ உள்ள உறவினர் அனுப்பும் தொலைபேசிச் செயலிகள் பல 25 வரை பச்சை நிறத்தில் காட்டும். அந்தப் பச்சையை நம்பி ஆறுதலடைந்த உறவினர்கள் பலரை நான் அறிவேன். உங்கள் உயரத்துக்குரிய எல்லையை நீங்களே கணித்துக்கொள்ள, உயரத்தை மீற்றரில் இருமுறை பெருக்கி, வரும் எண்ணை 18.5 ஆலும் 22.9 ஆலும் தனித்தனியே பெருக்குங்கள். நம்மிடையே பொதுவாகக் காணப்படும் உயரங்களுக்கு அந்த விடைகள் பின்வருமாறு:

150 சென்ரிமீற்றர்: 41.6 முதல் 51.5 கிலோ வரை
155 சென்ரிமீற்றர்: 44.4 முதல் 55.0 கிலோ வரை
160 சென்ரிமீற்றர்: 47.4 முதல் 58.6 கிலோ வரை
165 சென்ரிமீற்றர்: 50.4 முதல் 62.3 கிலோ வரை
170 சென்ரிமீற்றர்: 53.5 முதல் 66.2 கிலோ வரை
175 சென்ரிமீற்றர்: 56.7 முதல் 70.1 கிலோ வரை

சென்ரிமீற்றரில் உள்ள உயரத்திலிருந்து 100 ஐக் கழித்தால் வருவதே சரியான நிறை என்று நம்பும் பெரியவர்கள் இன்னும் பலர் உள்ளனர். பிரெஞ்சு மருத்துவர் போல் புரோக்காவின் பெயரால் வழங்கும் இந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணக்கு, உயரம் குறைந்தவர்களிடம் ஓரளவு பொருந்துகின்றது. 150 சென்ரிமீற்றருக்கு அது தரும் 50 கிலோ எல்லைக்குள்ளேயே உள்ளது. உயரம் கூடக் கூட அது பிழைக்கின்றது: 165 இற்கு 65 கிலோ என்றால் சுட்டி 23.9, 175 இற்கு 75 கிலோ என்றால் 24.5. இணையத்தில் காணப்படும் இன்னொரு வாய்பாடு, ஐந்தடிக்கு மேற்பட்ட ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2.3 கிலோவைக் கூட்டச் சொல்கின்றது. ஆணுக்கு 50 கிலோவிலும் பெண்ணுக்கு 45.5 கிலோவிலும் அது தொடங்குகின்றது. 1974 இல் டிவைன் என்பவர் ஜென்ரமைசின் என்ற மருந்தின் அளவைத் தீர்மானிப்பதற்காக எழுதிய அந்த வாய்பாட்டுக்கும் ஆரோக்கியமான வாழ்வுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஐந்தடிக்குக் குறைந்த நம் தாய்மார் பலருக்கு அதைப் பயன்படுத்தவும் முடியாது.

உடற்திணிவுச் சுட்டியும் குறையற்றதல்ல. பெல்ஜியத்தைச் சேர்ந்த புள்ளிவிபரவியலாளர் அடோல்ப் கெற்றலே 1830களில் மனிதர்களின் சராசரி உடலமைப்பை ஆராயும்போது கண்ட விகிதம் இது. 1972 இல் அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் அன்செல் கீஸ் இதற்கு இன்றைய பெயரை வழங்கினார். ஒரு மக்கள் கூட்டத்தை அளக்க இது நல்ல கருவி. ஒரு தனிமனிதரின் உடலில் உள்ள நிறையில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு, அந்தக் கொழுப்பு தோலுக்கு அடியில் உள்ளதா வயிற்றுக்குள் உள்ளதா என்பதை இது சொல்லாது. நம்மவர்களைப் பொறுத்தவரை விடயமே அங்கேதான் உள்ளது.

இடுப்பே நமக்கு முதன்மையானது

2004 இல் ஒரு மருத்துவ இதழில் இரண்டு விஞ்ஞானிகள் தம் உடல்களையே எடுத்துக்காட்டாக வைத்தனர். ஒருவர் புனேயைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக், மற்றவர் இலண்டனைச் சேர்ந்த வைத்தியர் யட்கின். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி ஒரே அளவு, 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஒரே சுட்டியில் ஐரோப்பியரைவிடத் தெற்காசியருக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பதைப் பல ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. தோலுக்கு அடியில் கொழுப்பைத் தேக்கிவைக்கும் இடம் நம்மில் விரைவாக நிரம்பிவிட, மேலதிகக் கொழுப்பு குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் படிகின்றது. அவ்வாறு படிந்த கொழுப்பே இன்சுலினின் வேலையைத் தடுத்து, குருதியில் சீனியையும் கொழுப்பையும் உயர்த்துகின்றது. கைகால்கள் மெலிந்து, முகம் ஒடுங்கி, வயிறு மட்டும் சற்று முன்தள்ளியிருக்கும் உடல்வாகு நம் அலுவலகங்களிலும் கடைகளிலும் எத்தனை சாதாரணமாகக் காணப்படுகின்றது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த உடல்வாகு உடையவர்கள் தராசில் ஏறினால் பெரும்பாலும் எல்லைக்குள்ளேயே இருப்பார்கள்.

ஆகவே ஒரே ஓர் அளவை மட்டும் எடுக்க முடியும் என்ற நிலை வந்தால், தராசை விட்டுவிட்டு அளவுநாடாவை எடுங்கள் என்பதே என் கருத்து. தையற்காரர் பயன்படுத்தும் சாதாரண நாடா போதும். கால்களைச் சற்று அகட்டி நிமிர்ந்து நின்று, பக்கவாட்டில் விரலால் தடவி, விலா எலும்புகளுள் கடைசியானதன் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் கண்டுகொள்ளுங்கள். அவ்விரண்டுக்கும் நடுவே நாடாவைத் தரைக்குச் சமாந்தரமாகச் சுற்றுங்கள். முதுகுப்புறத்தில் அது தாழ்ந்துவிடாமலிருக்கக் கண்ணாடி முன் நிற்பது உதவும். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக்கூடாது. இயல்பாக மூச்சை வெளியே விட்டு, வயிற்றை உள்ளே இழுக்காமல், அந்தக் கணத்தில் எண்ணை வாசிக்க வேண்டும். இருமுறை அளந்து, வேறுபாடு ஒரு சென்ரிமீற்றருக்கு மேலிருந்தால் மூன்றாம் முறையும் அளக்கலாம்.

காற்சட்டையின் அளவை இடுப்பளவாகக் கொள்வது ஆண்கள் பலரிடமுள்ள பிழை. வயிறு வளர வளரக் காற்சட்டை அதற்குக் கீழே இறங்கிக்கொள்கின்றது. 34 அங்குலக் காற்சட்டையை இருபது ஆண்டுகளாக மாற்றாமல் அணியும் ஒருவரின் உண்மையான இடுப்பு 38 அங்குலமாக இருக்கக்கூடும். அதேபோல் பெண்கள் சேலையின் உட்பாவாடை நாடா பதிந்த தடத்தில் அளப்பதுண்டு; அதுவும் உரிய இடமன்று. மேலே சொன்ன இரண்டு எலும்புகளின் நடுவே என்பதை மறக்க வேண்டாம்.

தெற்காசியருக்கான எல்லை, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர். அங்குலத்தில் முறையே ஏறத்தாழ முப்பத்தைந்தரையும் முப்பத்தொன்றரையும். இதைவிட நினைவில் வைப்பதற்கு எளிதான இன்னொரு விதி உண்டு: இடுப்பின் சுற்றளவு உயரத்தின் அரைவாசியைத் தாண்டக்கூடாது. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் 2022 இல் இவ்விதியைத் தன் பரிந்துரையில் சேர்த்தது. இடுப்பை உயரத்தால் வகுத்து வரும் விடை 0.5 இற்குக் கீழே இருந்தால் நன்று, 0.5 முதல் 0.59 வரை ஆபத்து கூடியுள்ளது, 0.6 உம் அதற்கு மேலும் ஆபத்து மிகுந்தது என்பது அதன் பொருள். 170 சென்ரிமீற்றர் உயரமுள்ளவருக்கு 85, 157 சென்ரிமீற்றர் உயரமுள்ளவருக்கு 78 அரை. உயரம் குறைந்தவர்களுக்கு 80, 90 என்ற நிலையான எண்களைவிட இந்த விகிதம் நியாயமானது என்று நான் கருதுகின்றேன்.

இரண்டு அளவுகளும் முரண்படும்போது என்ன செய்வது? 170 சென்ரிமீற்றர் உயரமுள்ள இருவரை எண்ணிக்கொள்வோம். ஒருவர் நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து கணக்கெழுதுபவர். நிறை 65 கிலோ, சுட்டி 22.5, இடுப்பு 92 சென்ரிமீற்றர். மற்றவர் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைத் தொழில் செய்பவர். நிறை 70 கிலோ, சுட்டி 24.2, இடுப்பு 82 சென்ரிமீற்றர். தராசை மட்டும் பார்த்தால் முதலாமவர் எல்லைக்குள், இரண்டாமவர் வெளியே. இடுப்பைப் பார்த்தால் முதலாமவரின் விகிதம் 0.54, இரண்டாமவரின் விகிதம் 0.48. குருதியில் சீனியையும் கொழுப்பையும் உடனடியாகப் பரிசோதிக்க வேண்டியவர் முதலாமவரே. இரண்டாமவரை நிறையைக் குறைக்குமாறு வற்புறுத்த எக்காரணமும் இல்லை.

"எனக்கு எலும்பு பெரிது, அதனால்தான் நிறை" என்ற விளக்கத்தை அடிக்கடி கேட்கின்றோம். எலும்பமைப்பின் வேறுபாடு ஒரு சில கிலோவைத் தாண்டுவதில்லை. அந்த வேறுபாட்டை ஏற்கும் அளவுக்கு மேலே தந்த எல்லைகள் அகலமானவை. இடுப்பு கூடியிருந்தால் எலும்பு அதற்குக் காரணமாக முடியாது. வீட்டில் வாங்கி வைக்கும், உடற்கொழுப்பின் சதவீதத்தையும் காட்டும் தராசுகளைப் பொறுத்தவரை, அவை உடலினூடே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்திக் கொழுப்பை மறைமுகமாகக் கணிக்கின்றன. தண்ணீர் குடித்தவுடனும் வியர்த்தவுடனும் அவற்றின் எண் மாறும். நீண்டகாலப் போக்கைக் காண அவை உதவலாம், ஒரு நாளின் எண்ணுக்குப் பொருள் குறைவு.

இன்னுமொரு கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: இருபது வயதளவில் என் நிறை என்ன? கலியாணத்தில் தைத்த இரவிக்கையோ காற்சட்டையோ இன்று எவ்வளவு இறுக்கம்? அமெரிக்கத் தாதியரை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வொன்றின் 1995 ஆம் ஆண்டு அறிக்கை, 18 வயதின்பின் 5 முதல் 8 கிலோ வரை நிறை கூடிய பெண்களுக்கு நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு, நிறை மாறாதவர்களைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்ததைக் காட்டியது. இளமையில் 48 கிலோவாக இருந்து இன்று 58 கிலோவாகிவிட்ட 160 சென்ரிமீற்றர் உயரப் பெண் இன்னும் எல்லைக்குள்ளேயே இருக்கின்றார். ஆனால் கூடிய அந்தப் பத்துக் கிலோ பெரும்பாலும் தசையல்ல. வயது ஏறினால் உடம்பும் ஏறத்தான் வேண்டும் என்று நாம் ஏற்றுக்கொண்டிருப்பது ஒரு பழக்கமே தவிர, உடலின் தேவையன்று.

இக்கணக்குப் பொருந்தாதவர்கள்

கர்ப்பகாலத்தில் இச்சுட்டியைப் பார்க்கலாகாது. கருவுற்ற முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் எடுத்த நிறையே அடிப்படை. அதிலிருந்து எவ்வளவு கூட வேண்டும் என்பதை சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்தின் கிளினிக்கில் மருத்துவ மாது சொல்வார். அதனால்தான் கர்ப்பம் உறுதியானவுடன் தாமதியாமல் பதிவு செய்யுமாறு அவர்கள் கேட்கின்றனர்.

இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் நோயால் காலிலும் வயிற்றிலும் நீர் தேங்கியிருப்பவர்களின் நிறை அவர்களின் உடல்நிலையை உள்ளபடி காட்டாது. அவர்களுக்கு ஓரிரு நாள்களில் இரண்டு கிலோ கூடினால் அது நீராகவே இருக்கும், வைத்தியருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பாரம் தூக்கிப் பயிற்சி செய்யும் இளைஞர்களும் விளையாட்டு வீரர்களும் இடுப்பின் விகிதத்தை மட்டும் பார்த்தால் போதும்.

முதியவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அடுக்குமாடி வீடுகளில் தனித்து வாழும் எழுபது, எண்பது வயதுப் பெற்றோர் இந்நகரில் பலர் உள்ளனர். அவர்களின் நிறை குறைவதைக் காண அருகில் எவரும் இருப்பதில்லை. 65 வயதின்பின் 23 ஐச் சற்றுத் தாண்டிய சுட்டி கவலைக்குரியதன்று. குறைவதே கூடுதல் கவலைக்குரியது. முதுமையில் முள்ளந்தண்டு வளைந்து உயரம் குறைவதால் சுட்டி உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும். நிமிர்ந்து நிற்க முடியாதவருக்கு, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் செய்து நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்த நீளத்தை உயரத்துக்குப் பதிலாக ஏறத்தாழக் கொள்ளலாம். நிறை மாறாமல் தசை கரைந்து அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்புவதும் உண்டு. அதை அறிய, கெண்டைக்காலின் பருத்த பகுதியைச் சுற்றி அளந்து பாருங்கள்; தசைத் தேய்வை ஆராயும் ஆசியக் குழு 2019 இல் வகுத்த வழிகாட்டலின்படி ஆணுக்கு 34 சென்ரிமீற்றருக்கும் பெண்ணுக்கு 33 சென்ரிமீற்றருக்கும் குறைந்தால் மேலும் பரிசோதிக்க வேண்டும். கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தாலும் அவ்வாறே. வீடியோ அழைப்பில் முகத்தைப் பார்த்து அம்மா நலம் என்று முடிவு செய்வதைவிட, வீட்டுக்கு உதவிக்கு வருபவரிடம் சொல்லி மாதமொருமுறை நிறையை அளந்து எழுதச் செய்வது மேலானது.

கணித்தபின் இலக்கு வைத்தல்

எல்லையைத் தாண்டியிருப்பவர் முழுத் தூரத்தையும் ஒரே இலக்காக வைக்க வேண்டாம். முன்னர் சொன்ன 64 கிலோப் பெண்ணின் உயரத்துக்குரிய எல்லை 45.9 முதல் 56.8 கிலோ வரை. ஏழு கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டுமென்று எண்ணும்போதே மனம் சோர்ந்துவிடும். இப்போதுள்ள நிறையில் 5 முதல் 10 சதவீதம் வரை குறைந்தாலே குருதியமுக்கமும் சீனியும் கொழுப்பும் இறங்கத் தொடங்குகின்றன. அவருக்கு அது 3.2 முதல் 6.4 கிலோ வரை. வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் சில மாதங்களில் எட்டக்கூடிய தூரம். 2002 இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, உடல் நிறையில் 7 சதவீதக் குறைப்பையும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காக வைத்தவர்களிடம் நீரிழிவு தோன்றுவது 58 சதவீதத்தால் குறைந்ததைக் காட்டியது.

சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006 இல் வெளியான ஆய்வு நமக்கு இன்னும் அண்மையானது. அதில் உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்டவர்களின் நிறை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆயினும் நீரிழிவு தோன்றுவது 28.5 சதவீதத்தால் குறைந்தது. வெள்ளவத்தைக் கடற்கரை வீதியிலோ காலிமுகத் திடலிலோ நாள்தோறும் விரைந்து நடந்தும் தராசு அசையவில்லையென்று மனமுடைபவர்கள் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். நிறை நின்ற இடத்திலேயே நின்று இடுப்பு இரண்டு சென்ரிமீற்றர் குறைந்திருந்தால், அது உண்மையான முன்னேற்றம். எனவே நிறையின் சராசரியை வாரமொருமுறையும் இடுப்பை மாதமொருமுறையும் ஒரே கொப்பியில் பக்கத்துப் பக்கமாக எழுதி வாருங்கள்.

18.5 இற்குக் கீழே இருப்பவர்கள் இனிப்பையும் பொரியலையும் கூட்டி நிறையேற்ற முயலக்கூடாது. அதனால் வயிறு மட்டுமே வளரும். பருப்பு, கடலை, முட்டை, மீன், பால் ஆகியவற்றைக் கூட்டி, தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் குருதிச்சோகை, தைரொயிட், காசம் ஆகியன இல்லையென்று வைத்தியரிடம் உறுதி செய்வது நல்லது.

எங்கே உறுதிப்படுத்துவது

அரச வைத்தியசாலைகளுடன் இணைந்து இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் 2011 முதல் இலங்கையில் உள்ளன. 35 வயதைக் கடந்தவர்கள் அங்கே உயரம், நிறை, குருதியமுக்கம், குருதிச் சீனி ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். பெண்களுக்கு எம்.ஓ.எச். பிரிவுகளில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்கிலும் இவ்வளவுகள் எடுக்கப்படுகின்றன. அங்கே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் செய்யப்படுவதால் அதைத் தவறவிட வேண்டாம். இத்தனை அருகிலிருக்கும் இலவசச் சேவையைப் பயன்படுத்தாமல், நோய் வந்தபின் தனியார் வைத்தியசாலையில் பெருந்தொகை செலவழிக்கும் குடும்பங்களைக் காணும்போது வருத்தமாக உள்ளது.

சுட்டி 23 ஐத் தாண்டியிருந்தாலோ, இடுப்பு உயரத்தின் அரைவாசியைத் தாண்டியிருந்தாலோ, பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ நீரிழிவு இருந்தாலோ, எட்டு மணி நேரமாவது உணவின்றி இருந்தபின் குருதிச் சீனியைப் பரிசோதியுங்கள். அது ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைந்தால் இயல்பு; 126 ஐ எட்டி, மறுமுறை பரிசோதிக்கும்போதும் அவ்வாறே இருந்தால் நீரிழிவு; இடைப்பட்டதாயின் அதைத் தடுப்பதற்கு இன்னும் காலம் உள்ளது. குருதியமுக்கத்தையும் கொழுப்பின் அளவையும் அதே நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

முயற்சி எதுவும் செய்யாமலே நிறை குறைவது எல்லாவற்றிலும் அவசரமானது. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் நிறையில் 5 சதவீதத்துக்கு மேல், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு மூன்று கிலோவுக்கு மேல், காரணமின்றிக் குறைந்தால், சுட்டி இன்னும் எல்லைக்குள் இருந்தாலும், முன்னர் பருமனாக இருந்தவராயினும், அதை நல்ல செய்தியாகக் கொள்ளாமல் வைத்தியரிடம் செல்லுங்கள். கட்டுப்பாடற்ற நீரிழிவு, மிகையாகச் சுரக்கும் தைரொயிட், காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு ஆகிய எதுவும் அவ்வாறு தொடங்கக்கூடும். செல்லும்போது நிறையும் இடுப்பும் எழுதிய கொப்பியைக் கொண்டுசென்றால், எப்போதிருந்து எவ்வளவு குறைந்தது என்ற முதற்கேள்விக்கு நீங்கள் ஊகத்தால் விடை சொல்ல நேராது.